ரோமில் ரோஜா நீட்டும் வங்கதேசத்துக்காரர்கள்: முதலில் எழுதியதும் பிறகு திருத்தியதும்

11 மார்ச் 2024 (ஒரு வாசகரின் கேள்வி)

மே மாதம் மனைவி, பத்து வயது மகளோடு ரோம், வெனிஸ், பாரிஸ் போகிறோம். முதல் ஐரோப்பியப் பயணம். யூடியூபில் எதைத் திறந்தாலும் ஒரே எச்சரிக்கை. பூ நீட்டுவார்கள், வாங்கிவிட்டால் விடமாட்டார்கள், பார்க்க நம்ம ஊர் ஆள் மாதிரியே இருப்பார்கள், இந்தியில் பேசி ஏமாற்றுவார்கள், பெரும்பாலும் வங்கதேசத்துக்காரர்கள் என்கிறார்கள். இது கும்பலா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

11 மார்ச் 2024, இரவு (என் பதில்)

உண்மைதான். போன அக்டோபரில் நானும் மனைவியும் ரோமில் ஐந்து நாள் இருந்தோம். ஸ்பானியப் படிகளில் ஏறி முடிப்பதற்குள் மூன்று பேர். எல்லோருக்கும் முறை ஒன்றுதான். "இண்டியா? நமஸ்தே!" என்று தொடங்குவார்கள். "ஃப்ரீ, பிரசண்ட்" என்று சொல்லிப் பூவை மனைவியின் கையில் வைத்துவிடுவார்கள். இரண்டடி நடந்ததும் நம் பக்கம் திரும்பி "ஏதாவது கொடுங்க பாய்" என்பார்கள். திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

த்ராஸ்தேவெரே பகுதியில் ஒரு பூ வாங்கினேன். ஐந்து யூரோ சொன்னார், மூன்றுக்கு முடிந்தது. நான் ஓசூர்க்காரன். அப்பா காலத்திலிருந்து ரோஜாதான் தொழில். பூவைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. வெளி இதழ் நான்கைந்தை உரித்திருக்கிறது. காம்பின் அடி புதிதாக வெட்டியிருக்கிறது, ஆனால் வெட்டுக்கு மேலே ஒரு விரல் அளவுக்குக் கருத்திருக்கிறது. செடியிலிருந்து அறுத்து எப்படியும் ஒரு வாரம் ஆன பூ. தண்ணீர் தெளித்துப் புதுசு போலக் காட்டுகிறார்கள். நம் பணத்தில் 270 ரூபாய். ஓசூரில் அந்தக் காசுக்கு ஒரு கட்டே வாங்கலாம்.

கண்ணைப் பார்க்காதீர்கள், நிற்காதீர்கள், கையை நீட்டாதீர்கள். கையில் நூல் கட்டிவிட்டுக் காசு கேட்பதும் இவர்கள்தான். ஜாக்கிரதை.

12 மார்ச் 2024

திருத்தம். பாரிஸில் இருக்கும் ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். சாக்ரே கேர் தேவாலயப் படிகளிலும் மிலான் பேராலயச் சதுக்கத்திலும் நூல் கட்டுபவர்கள் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஐஃபல் கோபுரத்தடியில் சாவிக்கொத்து விற்பவர்களில் செனகல்காரர்கள் அதிகம். பார்சலோனா கடற்கரையில் "செர்வேசா, பியர்" என்று கேன் விற்பவர்களில் பாகிஸ்தானியர்கள் அதிகம். எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டி எழுதிவிட்டேன். ரோமில் நான் பார்த்த ரோஜா, குடை, செல்ஃபி குச்சி, இரவில் வானத்தில் சுண்டிவிடும் விளக்குப் பொம்மை, பலகையில் அடித்தால் கூழாகி மறுபடி உருண்டையாகும் பன்றிப் பொம்மை, இவை மட்டும்தான் வங்கதேசத்துக்காரர்கள் கையில் இருந்தவை.

14 மார்ச் 2024

கும்பலா என்ற கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பார்த்ததைச் சொல்கிறேன். ஐந்து நாளும் நவோனா சதுக்கத்தில் ஒரே ஆளைப் பார்த்தேன். காலையில் தண்ணீர் பாட்டில், மதியம் தொப்பி, நான்கு மணிக்கு மழை பிடித்ததும் குடை, இருட்டியதும் விளக்குப் பொம்மை. முதல் சொட்டு விழுந்து இரண்டு நிமிடத்தில் கையில் பத்துக் குடையோடு நின்றார். எஸ்கிலினோ பகுதியில் விட்டோரியோ சதுக்கத்தைச் சுற்றிச் சீனர்களின் மொத்த விற்பனைக் கடைகள் இருக்கின்றன. சரக்கு அங்கிருந்து வருகிறது என்று தங்கியிருந்த வீட்டுக்காரர் சொன்னார். தனித்தனி ஆளாகத்தான் தெரிந்தார்கள். ஒருவருக்கு விற்காத பூவை இன்னொருவரிடம் கொடுப்பதைப் பார்த்தேன். அதைக் கும்பல் என்றால் நம் ஊர்ச் சந்தையும் கும்பல்தான்.

2 ஏப்ரல் 2024

இந்த இழைக்குத் திரும்ப வருகிறேன். முதல் நாள் எழுதியதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். நேற்று மனைவி இதைப் படித்துவிட்டு, "அந்தச் சாப்பாட்டுக் கடையை ஏன் எழுதல?" என்று கேட்டாள்.

அந்தப் பூவை வாங்கிய இரவு மனைவி எனக்கு முன்னால் போய்விட்டாள். நான் பேரம் முடித்துச் சில்லறை எண்ணி வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். தெருவிலேயே மேசை போட்ட உணவகம். அவள் உட்கார்ந்திருந்த மேசையை நோக்கி நடந்தேன். கையில் அந்தச் சிவப்பு ரோஜா, செல்லோபேன் சுற்றியது. மேசைக்கு இரண்டடி இருக்கும்போது சிப்பந்தி குறுக்கே வந்து உள்ளங்கையை என் நெஞ்சுக்கு நேரே நிறுத்தினார். "நோ, நோ. கிராட்ஸியே. வியா." போ என்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது. ஏன் போகச் சொல்கிறார் என்று புரிய இன்னும் கொஞ்ச நேரம். பக்கத்து மேசையில் ஒரு வயதான தம்பதி, பூ வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

மனைவி எழுந்து "ஹஸ்பண்ட், ஹஸ்பண்ட்" என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டார். நாற்காலி இழுத்துப் போட்டார். நான் பூவை மேசைக்கு அடியில் வைத்தேன். கிளம்பும்போது எடுக்கவில்லை.

அன்றிரவு முழுக்க எனக்குக் கோபம். சிப்பந்தி மேல் இல்லை, பூ விற்றவர் மேல். அவர் அந்தப் பூவைத் தலையில் கட்டாமல் இருந்திருந்தால் இந்த அவமானம் இல்லையே என்று. மறுநாளிலிருந்து அவர்கள் யாராவது "இண்டியா?" என்றால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்தில் கேமராவை வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டேன். நான் சுற்றுலா வந்தவன், அவன் இல்லை என்று பார்க்கிற யாருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மார்ச் 11ஆம் தேதி நான் எழுதியதில் இருந்த சூடு மூன்று யூரோவால் வந்ததில்லை.

கேள்வி கேட்ட நண்பர் "பார்க்க நம்ம ஊர் ஆள் மாதிரியே இருப்பார்கள்" என்று எழுதியிருந்தார். ஆமாம். அந்தச் சிப்பந்திக்கும் அப்படித்தான் தெரிந்தது. எனக்கு ஒரு தடவை நடந்தது. அவர்களுக்கு ஒரு ராத்திரியில் ஐம்பது மேசையில் நடக்கிறது.

3 ஏப்ரல் 2024

இன்னொரு திருத்தம், இது தொழில் சம்பந்தப்பட்டது. வெளி இதழை உரிப்பது ஏமாற்று வேலை இல்லை. பூவைப் போர்த்தியிருக்கும் வெளி இதழில்தான் உரசலும் கருப்பும் வரும். எந்த ஊர்ப் பூக்கடையிலும் அதை எடுத்துவிட்டுத்தான் விற்பார்கள், நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஐரோப்பாவில் விற்கும் ரோஜா பெரும்பாலும் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் விளைந்து விமானத்தில் வருவது, நிறைய நெதர்லாந்து ஏலச் சந்தை வழியாக. அறுத்து ஒரு வாரம் ஆகியிருப்பது அங்கே சாதாரணம். ஓசூர்க் கட்டின் விலையை ரோம் தெருவின் ஒற்றைப் பூவோடு ஒப்பிட்டதும் தப்பு. அங்கே பூக்கடையில் ஒற்றை ரோஜா ஐந்து யூரோவுக்குக் குறைந்து நான் பார்க்கவில்லை. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

9 ஜூன் 2024

கேள்வி கேட்ட நண்பர் பத்திரமாகத் திரும்பிவிட்டார். மகள் அந்தப் பன்றிப் பொம்மை இரண்டு வாங்கினாளாம், விமான நிலையத்திலேயே ஒன்று கிழிந்துவிட்டதாம். வெனிஸில் சான் மார்கோ சதுக்கத்தில் புறாவுக்குப் போடச் சொல்லி ஒருவர் கையில் தானியத்தைக் கொட்டினாராம். போகிறவர்கள் கவனியுங்கள்: அங்கே புறாவுக்குத் தீனி போட 2008இலிருந்து தடை. தீனி போட்டவர் அபராதத்தில் மாட்டிக்கொள்வார், தானியம் கொடுத்தவர் அதற்குள் நகர்ந்திருப்பார். அப்புறம், பெரிய பிராண்டு பெயர் போட்ட போலிப் பை, கண்ணாடி எதையும் இத்தாலியில் தெருவில் வாங்காதீர்கள். வாங்குபவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டம் இருக்கிறது. ரோஜாவுக்கும் குடைக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

20 அக்டோபர் 2024, ரோம்

மறுபடி ரோமில் இருக்கிறேன். தம்பி மகன் இங்கே படிக்கச் சேர்ந்திருக்கிறான், அவனை விட வந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் தெர்மினி ரயில் நிலைய வாசலில் நல்ல மழை. குடைக்காரர் ஒருவர் ஐந்து யூரோ என்றார். பேரம் பேசவில்லை. வாங்கிக்கொண்டு, தெரிந்த ஒரே வங்காள வாக்கியத்தைச் சொன்னேன்: "கேமொன் ஆச்சேன்?" அவர் சிரித்துவிட்டு வங்காளத்தில் கடகடவென்று பேசத் தொடங்கினார். எனக்கு அடுத்த வார்த்தை தெரியாது. பிறகு என் அரைகுறை இந்தியும் அவருடைய அரைகுறை இந்தியுமாகப் பேச்சு போனது.

தமிழ் என்று சொன்னதும், "தமில் முவி!" என்றார். உடனே அல்லு அர்ஜுன் பெயரைச் சொன்னார். வங்கதேசத்தில் தென்னிந்திய டப்பிங் படம் எதுவானாலும் அதற்கு "தமில் முவி" என்றுதான் பெயராம். திருத்தவில்லை, அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். என்னைப் "பாய்" என்றே கூப்பிட்டார். ஓசூரில் பிரியாணிக் கடைக்காரரை நான் கூப்பிடுவதும் அப்படித்தான்.

அவர் பெயர் வேண்டாம். மாதாரிப்பூர் மாவட்டம். பக்கத்து ஷரியத்பூரும் மாதாரிப்பூரும் இத்தாலிக்கு ஆள் அனுப்புவதில் பேர்போன மாவட்டங்கள். காலையில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை, ஒப்பந்தத் தாளில் மட்டும் நான்கு மணி நேரம் என்று இருக்கும். மாலையில் வானத்தைப் பார்த்துக் குடை அல்லது ரோஜா. நான் ரோஜா விளைவிப்பவன் என்றதும் நம்பவில்லை. போனில் எங்கள் பாலிஹவுஸ் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். "இவ்வளவு ரோஜாவா? யார் விற்கிறார்கள்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு மதியம் ஓய்வு. தோர்பிஞ்ஞாத்தாராவுக்கு டீ குடிக்க வரச் சொன்னார். கசிலினா சாலை வழியாக ஒரு சின்ன ரயில் போகிறது, அதில் போனேன். ரோமில் வங்கதேசத்தவர் அதிகம் வாழும் பகுதி அது. வங்காள எழுத்தில் பலகை போட்ட மளிகைக் கடைகள், பணம் அனுப்பும் கடைகள், முடிதிருத்தும் கடைகள். இரவு வெகுநேரம் திறந்திருக்கும் இந்தச் சின்ன மளிகைக் கடைகளை ரோம்காரர்கள் "பாங்லா" என்றே சொல்கிறார்கள். "பாங்லா வரை போய்ப் பால் வாங்கி வா" என்பது போல.

டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அன்றுதான் ரோம் நீதிமன்றத் தீர்ப்பு. கடலில் மீட்ட 16 பேரை இத்தாலி கப்பலில் ஏற்றி அல்பேனியாவில் புதிதாகக் கட்டிய முகாமுக்கு அனுப்பியிருந்தது. பத்துப் பேர் வங்கதேசத்தவர், ஆறு பேர் எகிப்தியர். நால்வரை அங்கே போனதுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள், மீதிப் பன்னிரண்டு பேரையும் அங்கே அடைத்துவைக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தாலிய அரசு வங்கதேசத்தைப் "பாதுகாப்பான நாடு" பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்தால் அகதி மனுவைச் சீக்கிரம் தள்ளுபடி செய்துவிடலாம். கடையில் யாரும் பேசவில்லை. என் நண்பர் மட்டும் டிவியைக் காட்டி, "பத்துப் பேரில் யார் எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்றார். அவருடைய மனுவும் ஒரு முறை தள்ளுபடியாகி மேல்முறையீட்டில் இருக்கிறது.

மீதியை ஊருக்கு வந்து எழுதுகிறேன்.

27 அக்டோபர் 2024

ஓசூர் வந்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து.

டீ முடிந்ததும் தங்கியிருக்கும் வீட்டுக்குக் கூட்டிப் போனார். இரண்டு அறை, எட்டுப் பேர். வாடகை அறைக்கு இல்லை, கட்டிலுக்கு. குளியலறையில் பக்கெட்டில் ரோஜா, நாற்பது இருக்கும். நான் பார்த்ததுமே கை போய்விட்டது. காம்பில் பாதி வரை இலை, அந்த இலை தண்ணீருக்குள் கிடந்து அழுகியிருந்தது. பக்கெட்டின் உட்புறம் வழவழவென்று பாசி. காம்பைச் சமையல் கத்தியால் நேராக நறுக்கியிருந்தார்கள்.

பக்கெட்டைத் தேய்த்துக் கழுவச் சொன்னேன். தண்ணீரில் படுகிற இலை எல்லாவற்றையும் உருவினோம். பிளேடு வாங்கிவரச் சொல்லி, காம்பைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சாய்வாக வெட்டிக் காட்டினேன். வெளியே வைத்து வெட்டினால் காம்புக்குள் காற்று ஏறிவிடும், தலை தொங்கிவிடும். ஒரு பக்கெட்டுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, சில சொட்டு பிளீச். சர்க்கரை பூவுக்கு, பிளீச் அழுகலுக்கு. அறையில் இருந்த மற்றவர்களும் வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பது பூவையும் வெட்டி முடித்தோம். பூ ஒன்றுக்கு அறுபது சென்ட் கொடுத்து வாங்குகிறாராம். பத்துப் பூ வாடினால் அன்றைய ராத்திரி வீண்.

விற்பது பற்றி அவர் சொன்னது எனக்குப் பாடம். மேசையில் உட்கார்ந்த உடனே யாரும் வாங்க மாட்டார்கள். பில் வந்த பிறகும் வாங்க மாட்டார்கள். ஆர்டர் கொடுத்துவிட்டுச் சாப்பாடு வருவதற்குள் இருக்கிற பத்து நிமிடம்தான் நேரம். உள்ளே விடும் கடை அந்தத் தெருவில் மூன்று. எந்தச் சிப்பந்தி எந்த நாள் லீவு என்று மனப்பாடம். "ஃப்ரீ" என்று சொல்லிக் கையில் வைப்பதைப் பற்றிக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "நானும் செய்திருக்கிறேன். முதல் வருஷம் தினமும் செய்தேன். பதினொரு மணிக்கு மேல் முப்பது பூ மிஞ்சியிருந்தால் செய்வேன்" என்றார். மனைவியின் கையில் பூ வைத்தவர்கள் மேல் எனக்கு இன்னமும் கொஞ்சம் வருத்தம் உண்டு, அதை மறைக்கவில்லை. அந்த முறை தப்புதான். ஆனால் அப்போது மணி என்ன இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

உணவகத்தில் எனக்கு நடந்ததை அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கேட்டது: "பூவை என்ன செய்தீர்கள்?" மேசைக்கு அடியில் விட்டுவிட்டேன் என்றேன். "யாராவது எடுத்து மறுபடி விற்றிருப்பார்கள்" என்றார், ஆறுதல் சொல்வது போல.

கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் உறையைக் காட்டினார். உள்ளே மடித்த தாள்கள். நகரப் போலீஸ் எழுதிக் கொடுத்தவை, உரிமம் இல்லாமல் விற்றதற்கு. ஒவ்வொன்றிலும் 5,164 யூரோ. இரண்டு தாள். நாற்பது ரோஜா விற்கும் மனிதர். கட்ட முடியாது, கட்டவும் இல்லை. தூக்கியும் போடவில்லை. பாஸ்போர்ட் நகலோடு சேர்த்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

29 அக்டோபர் 2024

ரோம் நண்பர் இத்தாலிக்கு வந்த வழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் தோண்டிக் கேட்கவில்லை, அவராகச் சொன்னது மட்டும். டாக்கா, துபாய், எகிப்து, லிபியா. லிபியாவிலிருந்து படகு. அந்தப் படகுப் பயணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "கேம்". முதல் கேம் தோற்றது, பிடித்து அடைத்தார்கள், வீட்டிலிருந்து பணம் போனது, வெளியே வந்தார். இரண்டாவது கேம் இத்தாலியின் லம்பேதூசா தீவில் சேர்த்தது. மொத்தம் 12 லட்சம் டாக்கா, யூரோவில் 9,000 சொச்சம். நிலம் விற்றது பாதி, வட்டிக்கு வாங்கியது பாதி. தரகருக்கு அங்கே "தாலால்", நம் ஊரில் மாட்டுச் சந்தையில் சொல்லும் தலாலி ஞாபகம் வந்தது.

லிபியாவில் மிஸ்தா என்ற ஊரில் 2020 மே மாதம் ஆள்கடத்தல்காரர்கள் 30 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 26 பேர் வங்கதேசத்தவர். அதில் மாதாரிப்பூர்ப் பையன்கள் பலர். அந்தச் செய்தி மாதாரிப்பூருக்கு வந்தபோது இவர் ஊரில்தான் இருந்தார். அதற்குப் பிறகுதான் கிளம்பினார். ஏன் என்று கேட்டேன். "அப்போது பணம் கொடுத்தாகிவிட்டது" என்றார்.

3 நவம்பர் 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "ஆக எல்லாரும் லிபியா வழியாகப் படகில் வந்தவர்கள்" என்று ஒருவர் முடிவு கட்டிவிட்டார். அப்படி இல்லை, நான் சொல்லாததால் வந்த குழப்பம்.

ரோமில் இவர்கள் கதை பழசு. 1990இல் இத்தாலியில் மார்தெல்லி சட்டம் வந்தது. முந்தைய ஆண்டு முடிவதற்குள் நாட்டில் இருந்தவர்களுக்கு அது தங்கும் அனுமதி கொடுத்தது. செய்தி பரவி, மற்ற ஐரோப்பிய நாடுகளில் தங்கும் அனுமதி இல்லாமல் இருந்தவர்கள் ரோமுக்கு வந்தார்கள். இருக்க இடம் இல்லை. போர்த்தா மஜ்ஜோரே பக்கத்தில் பந்தனெல்லா என்ற மூடிக் கிடந்த பாஸ்தா ஆலைக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் குடியேறினார்கள், வங்கதேசத்தவரும் பாகிஸ்தானியரும் அதிகம். 1991 ஜனவரியில் போலீஸ் அவர்களை வெளியேற்றியது. அப்படி வந்தவர்களில் பலர் இன்று கடை முதலாளிகள், அவர்கள் பிள்ளைகள் ரோம்காரர்கள் போலவே இத்தாலியன் பேசுகிறார்கள். இத்தாலியக் குடியுரிமை வாங்கி, பிரெக்ஸிட்டுக்கு முன்பே லண்டனுக்குக் குடும்பத்தோடு போனவர்களும் நிறைய.

தெருவில் விற்பவர்கள் கண்ணில் படுகிறார்கள், மற்றவர்கள் படுவதில்லை. மொன்ஃபால்கோனே என்ற சின்ன ஊரில் ஃபின்கான்தியேரி நிறுவனம் உல்லாசக் கப்பல்கள் கட்டுகிறது. அங்கே வேலை செய்பவர்களில் வங்கதேசத்தவர் ஏராளம். ரோமில் நீங்கள் சாப்பிடும் பாஸ்தாவைக் கிளறிய கை யாருடையது என்று சமையலறைக்குள் எட்டிப் பாருங்கள். சிசிலித் தீவின் பலேர்மோவில் 2016இல் மாஃபியா மாமூலுக்கு எதிராகப் போலீஸில் துணிந்து சாட்சி சொன்ன கடைக்காரர்களில் பெரும்பாலோர் வங்கதேசத்தவர். தலைமுறை தலைமுறையாக உள்ளூர்க்காரர்கள் வாய் திறக்கப் பயந்த ஊர் அது. இதைப் படித்த நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

10 நவம்பர் 2024

ஜெர்மனியிலிருந்து ஈழத்து அண்ணர் ஒருவர் தனிச் செய்தியில் எழுதியது. அவர் அனுமதியோடு போடுகிறேன்:

"தம்பி, உந்த ரோசாப்பூவை 80களில நாங்கள்தான் வித்தனாங்கள். அகதிக் கேசு முடியிற வரைக்கும் வேலை செய்ய விடமாட்டினம். பின்னேரம் ஒரு வாளிப் பூவோட வெளிக்கிட்டா ஒவ்வொரு கடையா ஏறி இறங்கிறதுதான். இப்ப நான் சாப்பிடப் போற கடைக்குப் பூக்காரன் வந்தா, என்ர பிள்ளையள் போனைப் பாக்குதுகள். நான் ஒண்டு வாங்குவன். வீட்டுக்குக் கொண்டு போனா மனுசி ஒண்டும் கேக்கமாட்டா. அவவுக்குத் தெரியும்."

இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது. அன்றைக்கு இந்த இழையை மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

11 நவம்பர் 2024

மூடவில்லை, ஒரு விஷயம் விட்டுப்போனது. ரோம் டீக்கடைச் சுவரில் 1952 பிப்ரவரி 21 படம் ஒன்று இருந்தது. டாக்காவில் வங்க மொழிக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் நினைவு. உலகத் தாய்மொழி நாள் அந்தத் தேதியில் வந்ததே அதனால்தான். 1965இல் தமிழ்நாட்டிலும் மொழிக்காக உயிர் போயிருக்கிறது என்று ரோம் நண்பரிடம் சொன்னேன். "எத்தனை பேர்? சுட்டது யார்? எந்த மொழிக்கு எதிராக?" என்று அடுக்கிக்கொண்டே போனார். இந்தி என்றேன். நாங்கள் இருவரும் அதுவரை பேசிக்கொண்டிருந்ததே இந்தியில்தான் என்று அவருக்குத்தான் முதலில் தோன்றியது. கடை முழுக்கச் சிரிப்பு.

22 டிசம்பர் 2024

லிஸ்பன் போகிறேன், அங்கேயும் இப்படியா என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே மார்த்திம் மோனிஸ் சதுக்கத்துப் பக்கம் பென்ஃபோர்மோசோ தெருவில் வங்கதேசத்தவர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மூன்று நாளைக்கு முன்னால், 19ஆம் தேதி, போலீஸ் அந்தத் தெருவின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டு, அங்கிருந்தவர்களைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துச் சோதனை போட்டது. கையை உயர்த்திச் சுவரில் வைத்தபடி நீளமாக நிற்கும் அந்தப் படத்தை ரோம் நண்பர்தான் எனக்கு அனுப்பினார். ஒன்றும் எழுதவில்லை, படம் மட்டும். படத்தில் ஒருவர் சமையல்காரர் ஏப்ரன் போட்டது போல் எனக்குத் தெரிந்தது. திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நண்பரே, லிஸ்பன் போங்கள். அந்தத் தெருவில் சாப்பிடுங்கள்.

12 ஜனவரி 2025

நேற்று லிஸ்பனில் அந்தச் சோதனையைக் கண்டித்து ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள், போர்த்துக்கீசியர்களும்தான். "எங்களைச் சுவரோடு நிறுத்தாதீர்கள்" என்பது முழக்கம். முன் குறிப்பில் கேட்டவருக்காக.

இன்னொன்று. 2024இல் கடல் வழியாக இத்தாலி வந்தவர்கள் சுமார் 66,000. அதில் அதிகம் பேர் வங்கதேசத்தவர், 13,000க்கும் மேல். மே மாதத்தில் ரோம் போகிறவர்கள் பார்க்கப்போகும் புது முகங்களில் சிலர் அவர்களாக இருப்பார்கள். வேண்டாம் என்றால் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லுங்கள், "நோ கிராட்ஸியே" போதும், போய்விடுகிறார்கள். இந்த முறை நான் ஒவ்வொருவரிடமும் அப்படித்தான் சொன்னேன். கண்ணைப் பார்க்காதீர்கள் என்று மார்ச்சில் எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், கீழே உள்ளதையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு.

13 பிப்ரவரி 2025

நாளைக்குக் காதலர் தினம். ஜனவரி கடைசியிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, குளிர் அறையில் தாஜ்மகால் ரகம் கட்டுக் கட்டாக அடுக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இன்று மதியம் ரோமிலிருந்து குரல் செய்தி. மொத்தச் சந்தையில் பூ விலை ஏறிவிட்டதாம், ஒன்று ஒன்றரை யூரோ. கடன் வாங்கி நூறு பூ எடுத்திருக்கிறார். பக்கெட் படமும் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். காம்பில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு இலை இல்லை.

நாளை சாயங்காலம் ரோமில் மழை என்று போன் காட்டுகிறது என்றேன். பார்த்துவிட்டேன் என்றார். மழை பெய்தால் தெருவில் மேசை போட மாட்டார்கள், ரோஜா போகாது. குடையும் இருபது எடுத்து வைத்திருக்கிறாராம்.